வேன்கார அக்காவின் போல்ட்

மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும்போதெல்லாம் என் மேசைமேல் இருக்கிற டோக்கன் கட்டு பறக்கப் பார்க்கும். பறக்காமலிருக்க அதன்மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். கட்டைவிரல் தடிமன், கட்டைவிரல் நீளம். ஒரு முனையில் தட்டையான தலை, தலைக்குக் கீழே சுற்றிலும் பொடிப்பொடியாகப் பல், அப்புறம் கொஞ்சம் மரை. அதோடு சரி, மறுமுனை உடைந்துபோயிருக்கிறது. வண்டிச் சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் வீல் போல்ட் அது. திருப்பதி மலையடிவாரத்தில், இந்த அலிபிரியில் கார் நிறுத்த வருகிற டிரைவர்களுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மற்றவர்கள் கையிலெடுத்துப் புரட்டிவிட்டு, "இன்னா பெரியவரே, எடைக்கல்லா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்.

நான் ஊர் ஊராகப் போனவன். போன இடத்திலெல்லாம் எதையாவது விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பாய், பெட்டி, ஒரு தடவை நல்ல கம்பளி, இன்னொரு தடவை எட்டாவது வரை படித்ததற்கு என்னிடமிருந்த ஒரே சான்றிதழ். இந்தத் துண்டு மட்டும் எங்கேயும் தங்கிவிடாமல் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. இது என்னுடையதல்ல. ஒருத்தி என்னிடம் கொடுத்து வைத்தது.

சித்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நைனா வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கூலிக்குக் கரும்பு பிழிந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு எனக்குப் படிப்பு சலித்தது. பள்ளிக்கூடத்துக்கும் நான் சலித்திருப்பேன். பெங்களூரில் ஓட்டல், பம்பாயில் கட்டட வேலை, குஜராத் பக்கம் ஒரு லாரியில் கிளீனர், அதே லாரியில் பிறகு டிரைவர் என்று சுற்றிவிட்டு, முப்பது வயது தாண்டியபின் திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருஷங்களில் ஊரே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. தெருவுக்கு இரண்டு பேராவது குவைத்துக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் டிரைவர் வேலைக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு. அவர்களோடு பேசுவதற்காகத் தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. எல்லோரும் வெளியே போகிற நேரத்தில் உள்ளே வந்தவன் நான். வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

அப்படித்தான் வேன்கார அக்காவிடம் வந்தேன். தெருவில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அலிபிரிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு சின்னத் தெருவில், ஒரு வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். பழைய டீசல் வேன் ஒன்று அவளுடையது. அதில் யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்க ஆள் தேவைப்பட்டது. என்னை நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்டாள். கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை. குடிப்பியா? எப்போதாவது. மூன்றாவதாக, "எத்தினி நாளைக்கி இருப்ப?" என்றாள். "தெரியாதுக்கா" என்றேன். "அத்தயாவது உண்மையச் சொன்னியே, வா" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டினார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே போனவர், நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்து போயிருந்தார். பிள்ளை இல்லை. அவர் அனுப்பியதைச் சேர்த்து அவள் இந்த வேனை வாங்கினாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் மனை வாங்கச் சொன்னார்களாம். ஏன் கேட்கவில்லை என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். "மனை வாங்கிப் போட்டா அது பாட்டுக்கு அங்க கெடக்கும், அவரும் அவரு பாட்டுக்கு அங்கயே கெடப்பாரு. வண்டின்னா அப்டி வுட முடியுமா? ஓட்ட ஆளு வேணும் இல்ல? ஆளு வந்துதான ஆவணும்" என்றாள். அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். நீ ஒரு ஆளா என்று கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. எனக்கும் வருத்தம் வரவில்லை. என் இருக்கை யாருக்காகவோ பிடித்து வைத்த இருக்கை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் துண்டு போட்டுவிட்டுப் போவார்களே, அந்தத் துண்டு நான்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு நாள். காலையில் வேனைத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். வீட்டு வாசற்படிக்கு எப்படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்களோ அப்படியே நான்கு சக்கரங்களுக்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசுவாள். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்துத் தெருக்களிலும் வண்டிக்குப் பூசை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு கனமாக யாரும் பூசிப் பார்த்ததில்லை. அது முடிந்ததும் குளித்து, புடவை மாற்றி, தெருமுனை பூத்துக்கு எதிரில் போட்டிருக்கும் ஸ்டூலில் போய் உட்காருவாள். குவைத்தில் வெள்ளி விடுமுறை. அன்றைக்குத்தான் அவர் ஃபோன் செய்வார். சில வாரம் சீக்கிரம் வரும், சில வாரம் மத்தியானம் ஆகும், சில வாரம் வரவே வராது. ஃபோன் வருகிறவரைக்கும் வேன் கிளம்பாது. யாத்திரைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். பூத்துக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து, "இன்னா டிரைவரு, உங்க கம்பெனி எம்.டி. இன்னும் லைன்ல வரலியா?" என்று சிரிப்பார். அக்காவுக்குக் கோபமே வராது. "வருவாரு இரு, அங்க இன்னும் பொழுதே விடிஞ்சிருக்காது" என்பாள்.

நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவன். சர்ச்சுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தாலும் இன்னொருத்தர் பூசை செய்ததில் கை வைக்கக் கூடாது என்ற கூச்சம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. டயரில் காற்றைப் பார்ப்பேன், ஆயில் பார்ப்பேன். மஞ்சளும் பொட்டுமாக இருக்கிற நட்டில் ஸ்பேனரை மாட்ட எனக்குக் கை வந்ததில்லை. அவளோ, டிரைவர் பார்த்துக்கொள்வான் என்று இருந்தாள். இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் அந்த நட்டுகளை வாரக்கணக்காக யாரும் ஸ்பேனரால் தொடவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூத்திலிருந்து வெளியே வந்தவள் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அவர் வருகிறார். அடுத்த வெள்ளி மெட்ராஸில் இறங்குகிறார். நம் வண்டியிலேயே போய் அழைத்து வரவேண்டும், அவரே ஓட்டிக்கொண்டு வந்தாலும் வரட்டும் என்றாள். பூத்துக்காரர் என்னைப் பார்த்து, "டிரைவரே, ஒன் சீட்டு கிழிஞ்சுது போ" என்றார். நானும் சிரித்தேன். அந்த வாரமே என் பெட்டியை ஒழுங்குபண்ணி வைத்தேன். ஒழுங்குபண்ண அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் சாப்பிட்டு, ஒரே தெருவில் தூங்கி, பெயர் தெரிந்த நாய்கூட இருக்கிற ஊர் அது ஒன்றுதான் எனக்கு அதுவரை. அதைச் சொல்லிக்கொள்ளவும் ஆள் கிடையாது.

அந்த வெள்ளி விடியற்காலையிலேயே பூசை முடிந்துவிட்டது. சக்கரம் தெரியாத அளவுக்கு மஞ்சள். அலிபிரியில் மலையடிவாரத்தில் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். அக்கா எனக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் புடவை. மடியில் ஒரு பித்தளை டப்பாவில் மிச்சக் குங்குமம். அவர் இறங்கியதும் நெற்றியில் வைக்கவேண்டுமாம். ஊரைத் தாண்டியபிறகு வண்டி பின்பக்கத்தில் லேசாக உதறுவது போலிருந்தது. ரோடு அப்படி என்று நினைத்தேன். வடமாலபேட்டையை நெருங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கல் தெறித்தது போல. அப்புறம் உதறல் இல்லை, ஆட்டம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன்.

பின்பக்கத்து இடது சக்கரம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஐந்து போல்ட்டில் இரண்டு உடைந்துபோயிருந்தன. ஒன்று நட்டோடு எங்கேயோ தெறித்துவிட்டது, இன்னொன்று ஓட்டையிலேயே மொட்டையாக நின்றது. மூன்றாவதில் மரையெல்லாம் தின்று வழவழவென்றிருந்தது. ஓட்டைகளைச் சுற்றி மஞ்சளின் மேல் சிவப்பாக வழிந்த கோடுகள். அக்காவும் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். "குங்குமம் கரைஞ்சி ஓடியிருக்குது" என்றாள். நான் விரலால் தொட்டுத் தேய்த்தேன். குங்குமம் விரல்ரேகைக்குள் மெத்தென்று இறங்கும். இது நறநறவென்றது. நட்டு தளர்ந்தால் இரும்போடு இரும்பு உரசித் துருப்பொடி இப்படித்தான் வழியும். வெறும் சக்கரமாக இருந்தால் எந்த டிரைவரும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பான். எத்தனை வெள்ளிக்கிழமையாக அது குங்குமத்துக்கு அடியில் வழிந்துகொண்டிருந்ததோ. அக்காவும் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். விரலைப் புடவையில் துடைக்கப் போய், புதுப் புடவை என்று நினைவு வந்து, வேன் கதவில் துடைத்தாள்.

வண்டியை நடத்திக்கொண்டு போவதுபோல ஊர்ந்து போய் வடமாலபேட்டையில் ஒரு மிஸ்திரியின் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினேன். டிராக்டரும் லாரியும் பழுது பார்க்கிறவர். பெரிய தொப்பை, வாயில் பாக்கு. சக்கரத்தைப் பார்த்ததும், "ஏம்மா, சக்கரத்துக்கு பெள்ளியா? மஞ்ச, குங்குமம்லாம் வெச்சி நலங்கே பண்ணிட்டீங்களே! மாப்ள எங்க?" என்றார். "மாப்ள மெட்ராஸ்ல வந்து எறங்கறாரு. அவர இட்டாரத்தான் போய்க்கினு இருக்கோம்" என்றாள் அக்கா. அவர் பாக்கைத் துப்பிவிட்டு வேலையில் இறங்கினார். அதன்பிறகு கேலி பேசவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, துருவேறி ஒட்டிக்கொண்டிருந்த டிரம்மைச் சுற்றிலும் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். ஐந்தையும் மாற்றவேண்டும் என்றார். மூன்று மாற்றினால் போதாதா, மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். எனக்கு நேரம் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். மூணு பேரு வுட்ட பாரத்த இந்த ரெண்டும்தான தாங்கிக்கினு வந்துது? உள்ளார இன்னா ஆயிருக்கும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மெட்ராஸ் போயி சேரணுமா வேணாமா?" என்றார். அக்கா உடனே, "அஞ்சும் மாத்துங்க" என்றாள்.

அவரிடம் இந்த வேனுக்கான போல்ட் இல்லை. புத்தூருக்குப் போய் வாங்கிவர வேண்டும். நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, நீங்க பஸ் ஏறிப் போயிடுங்க. பிளைட்டு எறங்கற நேரத்துக்குச் சரியா இருக்கும். நான் வண்டியச் சரி பண்ணிக்கினு பின்னாடியே வரேன்." அவள் ரோட்டைப் பார்த்தாள். மெட்ராஸ் பஸ் ஒன்று எங்கள் எதிரிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்து, வருகிறாயா என்பதுபோல விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் ஓரடி எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். பிறகு நின்றுவிட்டாள்.

"வெறுங்கையோட போயி நிக்கறதா? வண்டி இல்லாம போயி அவருகிட்ட நான் இன்னாத்தக் காட்டறது தம்பி?" என்றாள். "இருந்து பாத்தாருன்னா பாக்கட்டும். நம்ம வண்டியிலதான் போவணும்."

பஸ் போய்விட்டது. நான் ஒரு லாரியைக் கைகாட்டி ஏறிப் புத்தூர் போனேன். உதிரிப்பாகக் கடைக்காரர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். பூட்டின கதவுக்கு முன்னால் நின்ற அந்த நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேறொன்றையும் நினைக்க முடியாமல், நான் ஏன் இவ்வளவு பதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தால் எனக்குத்தான் வேலை போகும். ஆனாலும் அந்தக் கடைக்காரரின் தலை தெருமுனையில் தெரிந்தபோது ஓடிப்போய் அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

திரும்பி வந்தபோது மிஸ்திரி உடைந்த துண்டுகளை உள்பக்கமாக அடித்துக் கழற்றி வைத்திருந்தார். மற்ற மூன்றையும்கூட. அக்கா அவற்றில் உடைந்த ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தாள். புது போல்ட்டைப் பின்பக்கத்திலிருந்து ஓட்டையில் செருகி, முன்பக்கம் வாஷர்களை அடுக்கி, பழைய நட்டு ஒன்றைப் போட்டு முறுக்கினார் மிஸ்திரி. முறுக்க முறுக்க, போல்ட்டின் கழுத்திலிருந்த பற்கள் இரும்பைக் கவ்விக்கொண்டு உள்ளே ஏறின. ஐந்தும் அப்படி ஏறி உட்கார்ந்தன. பழைய சக்கரத்தின் ஓட்டைகள் நீண்டுபோயிருந்ததால் ஸ்டெப்னியை மாட்டினார். எதிரெதிராக முடுக்கி முடித்ததும் அக்கா பித்தளை டப்பாவைத் திறந்தாள். "வேணாம்மா" என்றார் மிஸ்திரி. "இதுங்கள கண்ணுக்குத் தெரியறா மாரி வுட்டுடுங்க. புது போல்ட் ஓடி ஓடித்தான் ஒக்காரும். போவச்ச ஒருவாட்டி, வரச்ச ஒருவாட்டி நிறுத்தி முடுக்கணும். மறந்துராத டிரைவரு." அக்கா டப்பாவை மூடிவிட்டாள். மூன்று சக்கரம் மஞ்சளாகவும் ஒரு சக்கரம் கறுப்பாகவும் நாங்கள் கிளம்பினோம். நகரியில் நிறுத்தி ஒருமுறை முடுக்கினேன்.

மீனம்பாக்கத்தில் அவர் காத்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் போய்விட்ட பிறகு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டிருந்த அந்த ஆள் அவர்தான் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கோபப்படுகிற முகமாகத் தெரியவில்லை. யாரும் வராவிட்டாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார் என்பதுபோல இருந்தார். அக்கா குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்தாள். "வண்டிதான், வழியில..." என்று வேனைக் காட்டினாள். அவர் வேனைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாதான் இருக்குது" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஓட்டுகிறீர்களா மாமா என்று சாவியை நீட்டினேன். அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு மாமாதானே. "நீயே ஓட்டு. எனக்கு இந்தப் பக்கத்து ரோடு மறந்து பூடிச்சி" என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

திருவள்ளூர் தாண்டி வெயில் சாய்ந்த நேரத்தில் நட்டு முடுக்க நிறுத்தினேன். அக்கா பின்னால் பெட்டிகளின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் என்னோடு இறங்கி வந்து, மடிப்புக் கலையாத பேண்ட்டோடு மண்ணில் முட்டிபோட்டு, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். நன்றாக முடுக்கினார். அவசரமில்லாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒவ்வொன்றும் நின்ற இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு. பிழைத்தாள் அக்கா என்று நினைத்தேன். முடித்துவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "தம்பி, நீ எங்கியும் போயிடாத. நான் இருக்கறதுக்கு வரல."

அவரே தொடர்ந்தார். "அங்க இன்னும் இத்தினி வருசத்துக்குன்னு கையெழுத்து போட்டுட்டுத்தான் வந்துருக்கேன். போட்டிருக்காட்டியும் போயிடுவேன்னுதான் நெனைக்கறேன். அங்க ஒரு ரூம்பு, ஒரு கட்டிலு, ஒரு வண்டி. காலைல எழுந்தா இன்னா பண்ணணும்னு தெரியும். இங்க எறங்கி ஒக்காந்தேன் பாரு பெட்டி மேல, ஊட்டுக்கு வந்துட்டேன்னே எனக்குத் தோணல. அவகிட்ட இப்ப சொல்லாத. நானே சொல்லிக்கறேன்." ஸ்பேனரைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அவர் சொன்னது எனக்குப் புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. நானும் அப்படிப்பட்டவன்தான். அந்த ரோட்டோரத்தில் என்னைவிட அவரை நன்றாகப் புரிந்துகொண்ட ஆள் யாரும் இருந்திருக்க முடியாது.

மீதி வழியெல்லாம் அக்கா விழித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். எந்தக் கோயிலுக்குப் போகவேண்டும், வேனுக்கு என்ன நிறம் அடிக்கலாம், சபரிமலை சீசனில் எவ்வளவு சவாரி வரும். தூரத்தில் மலைமேல் விளக்கு தெரிந்தபோது என் தோளைத் தட்டி, "தம்பி, நீ கவலப்படாத. உனக்கு நல்ல ஓனரா பாத்து நானே வுடறேன். உன்ன நடுத்தெருவுல வுடமாட்டேன்" என்றாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா" என்றேன். அந்த வேனில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் எங்கேயும் இருந்ததில்லை. பம்பாயில் யாரும் தெரியாமல் பிளாட்பாரத்தில் படுத்திருந்தபோதுகூட.

இரண்டு மாதம் அவர் வேன் ஓட்டினார். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். பூத்துக்காரர் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். நான் அவள் பார்த்துக்கொடுத்த ஒரு ஜீப்பை ஓட்டினேன். அவர் எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அட்டைப்பெட்டியும் கயிறுமாக மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வேனில் கொண்டுபோய் விட வேண்டாம் என்று அவள்தான் சொன்னாளாம். மறுநாள் நான் ஜீப்பின் சாவியை அதன் ஓனரிடம் கொடுத்துவிட்டு அக்காவின் வாசலில் போய் நின்றேன். வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளியும் வேனைக் கழுவினாள். மஞ்சள் பூசினாள். ஆனால் கண்ணாடிக்குக் கீழேயும் கதவிலும் மட்டும். சக்கரங்களைத் துணியால் துடைத்து வெறுமையாக விட்டாள். பிறகு ஸ்பேனரை எடுத்து வந்து ஒவ்வொரு நட்டிலும் மாட்டி, தன் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்திப் பார்த்தாள். அப்போதுதான் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்கா. திருவள்ளூராண்ட சொன்னாரு."

அந்த நட்டை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தாள். "நல்லவேள சொல்லாம இருந்த. சொல்லியிருந்தன்னா அந்த ரெண்டு மாசமும் எனக்கு இருந்திருக்காது" என்றாள். அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகும் நெடுநாள் வேன் ஓடியது. நான் ஒரே இடத்தில் அதிக நாள் இருந்தது அங்கேதான். வெள்ளிக்கிழமை ஃபோன்கள் வந்தன. பேச்சு வரவரச் சுருங்கியது. பூத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது தெரியும். அந்தப் பக்கமும் சும்மா நின்றிருப்பார். ஒருநாள் வெளியே வந்து, "ஆளு வராதுன்னா நாமதான் போவணும்" என்றாள். ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போவதுபோலச் சொன்னாள். கடப்பைப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் இருக்கும் ஊரிலேயே அக்காவுக்கு வேலை கிடைத்தது, வேறு வீட்டில். "அங்க வெள்ளிக்கிழம லீவு இல்ல? பாத்துக்கலாம்" என்றாள். வேனை ஒருவருக்கு விற்றாள். மெட்ராஸுக்குக் கடைசி சவாரி போய்வந்ததும் வண்டியை அவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு.

அதே ரோடு. வடமாலபேட்டையில் நிறுத்தச் சொன்னாள். மிஸ்திரியின் கொட்டகை பூட்டியிருந்தது. இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் நட்டுகளை அழுத்திப் பார்த்தாள். நான் பார்க்கிறேன் என்றதற்கு, "இன்னிக்கு ஒருநாளு வுடு" என்றாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பின்பக்கத்து இடது சக்கரத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

மீனம்பாக்கத்தில் நான் கம்பிக்கு வெளியே நின்றேன். இவளைப்போலவே பையும் பயமுமாகப் பல பெண்கள் வரிசையில் இருந்தார்கள். பெரும்பாலும் தெலுங்கு பேசினார்கள். அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "தம்பி" என்று குரல் கேட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் மூச்சிரைக்க நின்றாள். கைப்பையைப் பிரித்துப் பார்த்த காவலாளி இதை எடுத்துப்போடச் சொல்லிவிட்டானாம். உள்ளங்கையில் அந்த உடைந்த போல்ட். அன்றைக்கு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து அவள் உருட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"இத்த உள்ள வுடமாட்டங்கறான். நீ வெச்சிக்கினு இரு. வந்து வாங்கிக்கறேன்" என்றாள். கம்பி வழியாகக் கொடுத்தாள். இரும்பு அவள் கைச்சூட்டோடு இருந்தது. "எத்தினி நாளைக்கி இருப்ப?" என்று கேட்டாள். முதல் நாள் கேட்ட அதே கேள்வி. "தெரியாதுக்கா" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

நான் இருக்கவில்லை. வேனைக் கொடுத்ததும் திருப்பதியில் எனக்கு வேலை இல்லை. சூளூர்பேட்டையில் மீன் லாரி, பிறகு ஒரிசா, பிறகு எங்கெங்கோ. வழியில் திருப்பதியைத் தொட்டபோதெல்லாம் பூத்துக்காரரைப் பார்த்துக் கேட்பேன். முதலில் ஒன்றிரண்டு தடவை ஃபோன் வந்ததாகச் சொன்னார். பிறகு எல்லோர் கையிலும் செல்ஃபோன் வந்தது, பூத்து போய் அங்கே செல்ஃபோன் கவர் விற்கிற கடை வந்தது. என்னைத் தேடுவதென்றாலும் அவளுக்குத் தெரிந்த எண் அந்தப் பூத்தின் எண் ஒன்றுதான். அவள் அவரோடு சேர்ந்தாளா, வெள்ளிக்கிழமைகளில் எங்கேயாவது ஒரு ரோட்டோரத்தில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்களா, தெரியாது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு இந்த டோக்கன் வேலையைக் கேட்டு வாங்கினேன். வேறு ஊரிலும் கிடைத்திருக்கும். அலிபிரி வழியாகப் போகாமல் இங்கே எந்த வண்டியும் மலையேற முடியாது என்பதற்காக இங்கே கேட்டேன்.

புது வண்டிகள் தினமும் வருகின்றன. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பளபளக்கிற சக்கரத்தில் பொட்டு வைத்துக்கொண்டு போகிறார்கள். "நட்டு மேல மட்டும் வைக்காதீங்கப்பா" என்று சொல்வேன். "இன்னா பெரியவரே, நீங்க அல்லேலுயா பார்ட்டியா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே நட்டுக்கு நட்டு பொட்டு வைத்தான். நான் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இரும்பை எடுத்துக் கட்டின்மேல் திரும்ப வைத்தேன்.

மஞ்சள் வாசனை அதிலிருந்து எப்போதோ போய்விட்டது. தலைக்குக் கீழே அந்தப் பற்களின் இடுக்கில் மட்டும் இன்னும் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. துருவா, குங்குமமா என்று விரலால் தேய்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் தேய்ப்பதில்லை.